எழுந்திருக்காத எலிகள்

ஜூன் 2

குட்டி,

இரண்டு வருடம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, காரியம் ஆக வேண்டும் என்றதும் கடிதம் போடுகிறானே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். காரியம் ஆகத்தான் எழுதுகிறேன். "போன் பண்ணிப் பேசுங்களேன்" என்றாள் உன் அண்ணி. போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடம் கத்த ஆரம்பித்துவிடுவோம். காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். மார்ச் மாதத்திலிருந்து என் கையில் எலிகள் சாகின்றன.

பத்தொன்பது வருடமாக இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் எலிவீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், நீ யாரிடமும் சொல்லாவிட்டாலும். அறுவைக்கு முன் சுண்டெலிக்கு மயக்க ஊசி போடுகிறேன். எடை பார்த்து, எடைக்குத் தக்க மருந்து எடுத்து, பிடரித் தோலைப் பிடித்து, தலை கீழே சாயும்படி திருப்பி, அடிவயிற்றின் வலப்பக்கம் ஊசி. ஐந்தாவது நிமிடம் கால் விரலைக் கிள்ளினால் இழுக்காது. மயக்கத்திலும் அதற்குக் கண் மூடாது, காய்ந்து போகும், அதனால் கண்ணுக்குக் களிம்பு. சூட்டுத் திண்டின் மேல் படுக்க வைத்தால் பேராசிரியர் முதுகில் சின்னக் கீறல் போட்டு, மருந்துக் குளிகை ஒன்றை வைத்துத் தைப்பார். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு எழாமல் போவது உண்டு. இப்போது நாற்பத்தொன்றில் பதினான்கு போய்விட்டன.

பேராசிரியரின் மூன்று வருட வேலை இந்த எலிகளோடு போகிறது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு வயசாகுதோ?" என்றார். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி விசாரணைக் குழு உட்காருகிறது. என் கைதான் காரணம் என்று முடிவானால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. பத்தொன்பது வருடம் கழித்து, எலி கொன்றவன் என்ற பெயரோடு வெளியே போக என்னால் முடியாது.

நீ மனிதர்களை மயக்குகிறவள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பெயர். உன் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதித் தந்தால் குழு மதிக்கும். என் முறையில் தப்பில்லை என்று எழுது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

அண்ணன்

ஜூன் 8

அண்ணா,

முதுகுவலி அவருக்கு இல்லை, எனக்கு. முப்பது வருடமாக மேஜைக்குக் குனிந்து நிற்பவள் நான். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பவர். இரண்டு வருடத்தில் யாருக்கு எங்கே வலி என்பதுகூட மறந்துவிட்டது உனக்கு.

"நீ யாரிடமும் சொல்லாவிட்டாலும்" என்று ஒரு குத்து. சரி, வாங்கிக்கொண்டேன். மகள் கல்யாணத்தில் உன்னை 'ஆராய்ச்சிக்கூடத்து அதிகாரி' என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். நீ எல்லார் முன்னாலும், "அதிகாரியெல்லாம் இல்லைங்க, எலிக்கு ஊசி போடுறேன்" என்றாய். சிரித்தார்கள். நானும் சிரித்து, "அண்ணன் எப்பவும் இப்படித்தான், ஜோக் அடிப்பாரு" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். சாப்பிடாமல். உனக்காகப் போட்ட இலைக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நீ கேட்டதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். பார்க்காத நோயாளிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், எலியாக இருந்தாலும். கேட்பதற்குப் பதில் சொல். என்ன மருந்து? யார் கலக்கிறார்கள்? முந்தைய நாள் பட்டினி போடுகிறீர்களா? உடம்பு சில்லிட்டுப் போகிறதா? எப்போது சாகின்றன, கத்தி வைக்கும்போதா, முடிந்த பிறகா? சாவது பெரியவையா சின்னவையா?

இன்று காலையிலிருந்து ஏழு கேஸ். கண் எரிகிறது. சுருக்கமாக எழுது. உனக்கு அது வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கை

ஜூன் 12

குட்டி,

இலைக்கு முன்னால் நீ நின்றது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

பட்டினியா? நல்ல கேள்வி. எலிக்கு வாந்தி வராதம்மா, டாக்டர் அம்மா. அதன் உடம்பில் அந்த ஏற்பாடே இல்லை. பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி அதுவே செத்துவிடும். உன் மேஜையில் படுப்பவருக்குத்தான் முந்தைய நாளிலிருந்து ஒன்றும் கிடையாது. என் மேஜையில் படுப்பது கடைசி நிமிடம் வரை கொறித்துக்கொண்டிருக்கும். (இரண்டு வருடத்துக்குப் பிறகு உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் அனுபவித்துக்கொள்கிறேன்.)

கெட்டமைனும் சைலசினும் கலந்த ஊசிதான் போடுகிறோம். அன்றன்று காலையில் மருந்தறை அம்மா சலைன் சேர்த்துக் கலந்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டித் தருவார். பதினோரு வருடமாக அவர்தான். அச்சடித்தது போன்ற கையெழுத்து. சூட்டுத் திண்டு இருக்கிறது, நானே கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வைக்கிறேன். சில்லிட்டுப் போவதில்லை.

ஊசி போட்ட பத்தாவது நிமிடத்திலிருந்து மூச்சு மெதுவாகிறது. விலா எலும்பு அசைவதை எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கை குறையும், குறையும், பிறகு எண்ண ஒன்றும் இருக்காது. இரண்டு விரலால் மார்பை அழுத்திப் பார்ப்பேன். ஒன்றே ஒன்று திரும்பி வந்தது.

சாவது எல்லாம் சின்னவை. மார்ச்சில் புதிதாக வந்த மெலிந்த இனம் இது. பழைய இனத்துப் பெரிய எலிகள் சாகவில்லை, ஆனால் வழக்கத்தைவிடத் தாமதமாக எழுகின்றன. மெலிந்த இனத்துக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, அதை வளர்ப்பவர்களுக்கு எழுதிக் கேட்டோம். அவர்கள் இதே அளவைத்தான் போடுகிறார்களாம். அங்கே ஒன்றும் சாகவில்லை.

மருந்தறை அம்மா மேல் பழி போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் ஏப்ரலில் ஒரு நாள் அவர் காதில் போனை இடுக்கிக்கொண்டு கலந்ததைப் பார்த்தேன். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை, அடிக்கடி போன் வரும். என் கை சரி. எடை சரி. அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது, நீயே சொல்.

அண்ணன்

ஜூன் 18

அண்ணா,

எழுதிவிட்டேன். பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அசலை நேராகக் குழுத் தலைவருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், உன் கை வழியாகப் போனால் தங்கை எழுதிக் கொடுத்தாள் என்பார்கள்.

மூச்சு மெதுவாகி நிற்பது, பிழைத்தவை தாமதமாக எழுவது, இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: மருந்து அதிகமாகப் போகிறது. சின்ன உடம்புக்குத் தாங்கவில்லை, பெரிய உடம்பு சமாளித்துவிடுகிறது. எடையும் ஊசியின் அளவும் சரி என்றால், புட்டியில் இருக்கும் கலவைதான் கெட்டி. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். "முப்பது வருட அனுபவத்தில்" என்று ஆரம்பித்து, கீழே முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவள்தான் நான். போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதே. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் உன் வேலையை ஒளித்தேன். இப்போது நாலு பேர் முன்னால் அதே வேலைக்காக எழுந்து நிற்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு நான் செய்தது கேவலம். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடமும் பதினான்கு எலியும் தேவைப்பட்டிருக்கின்றன.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. எடை எப்படிப் பார்க்கிறாய் என்று நீ எழுதவே இல்லை. குழுவில் கேட்டால் சொல்ல வேண்டுமே, அதற்காகக் கேட்கிறேன்.

தங்கை

ஜூன் 30

குட்டி,

என் தலை தப்பியது. உன் கடிதத்தைத் தலைவர் சத்தமாகவே படித்தார். "முப்பது வருட அனுபவத்தில்" என்ற இடத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியர் வெளியே வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மருந்தறை அம்மாவை விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை இருபத்தைந்தில் அவருடைய விளக்கத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம். சாவியை ஒப்படைக்க வந்தவர் எலிவீட்டு வாசலில் என்னைப் பார்த்து நின்றார். "சார், நான் கலந்தது சரியாத்தான் இருக்கும். பதினோரு வருஷமா பாக்கறீங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். சூட்டுத் திண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இது போதாதென்று இன்னொன்று. நேற்று இங்குள்ள கால்நடை மருத்துவரே, புதுப் புட்டி உடைத்து, என் கண் முன்னால் கலந்தார். நான் ஊசி போட்டேன். ஐந்தில் இரண்டு போய்விட்டன. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நானும் என் கையைப் பார்த்துக்கொண்டேன். இனிமேல் மறு உத்தரவு வரும் வரை அறுவையே கிடையாது.

எடை எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குச் சுர்ரென்றது. பத்தொன்பது வருடமாக எடை பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எலியை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுத் தராசில் வைக்கிறேன். டப்பா முப்பத்திரண்டு கிராம். வருகிற எண்ணில் முப்பத்திரண்டைக் கழித்தால் எலி. தராசில் பூஜ்யம் ஆக்கும் பொத்தான் இருக்கிறது. அதெல்லாம் புதுப் பையன்களுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தராசில் பொத்தானே கிடையாது. கழித்தல் தெரியாதவனா நான்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அண்ணன்

ஜூலை 2

குட்டி,

முந்தைய கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் இதுவும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்தே படி.

எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதி உன் மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் நேற்று வேலைக்குப் போனேன். அறுவை இல்லை, கை சும்மா இருந்தது. எதற்கும் பார்ப்போமே என்று காலி டப்பாவைத் தராசில் வைத்தேன். முப்பத்தெட்டு என்று வந்தது.

துடைத்துவிட்டு வைத்தேன். முப்பத்தெட்டு. தராசைச் சரிபார்க்கும் கட்டியை வைத்தேன், தராசு சரி. திரும்ப டப்பா. முப்பத்தெட்டு.

பழைய டப்பாவின் மூடி பிப்ரவரி கடைசியில் விரிசல் விட்டது. அலமாரியிலிருந்து நானேதான் இதை எடுத்தேன். அதே நிறம், அதே உயரம். அடிப்பாகம் மட்டும் கொஞ்சம் தடிமன். நான் பாட்டுக்கு முப்பத்திரண்டையே கழித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு கிராம் எலிக்கு இருபத்துநாலு கிராமுக்கான மருந்து. மூன்றில் ஒரு பங்கு அதிகம். முப்பது கிராம் எலிக்கு இந்த ஆறு கிராம் தூக்கத்தைக் கூட்டும். பதினெட்டு கிராம் எலியைக் கொல்லும். மெலிந்த இனம் வந்தது மார்ச், அதற்குச் சில நாள் முன்புதான் டப்பா மாறியது. நான் இனத்தைச் சந்தேகப்பட்டேன், மருந்தைச் சந்தேகப்பட்டேன், அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தச் சின்ன எலிகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இருபத்துநாலு கிராமுக்கு இது லேசாக இருக்கிறதே என்று உள்ளங்கைக்குத் தோன்றியது. தோன்றத்தான் செய்தது. எண் சொல்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். உன் பெயரும் முத்திரையும் அந்தக் காகிதத்தில் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

அண்ணன்

ஜூலை 14

குட்டி,

பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, அந்தத் தபால்காரரை எனக்குத் தெரியும்.

டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல. பழைய மாதிரி டப்பா இன்னும் இரண்டு அதே அலமாரியில் இருக்கிறது. ஒன்றை எடுத்துப் புழக்கத்தில் விட்டு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டால், அடுத்த அறுவையிலிருந்து ஒரு எலிகூடச் சாகாது. அந்த அம்மா போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். கால்நடை மருத்துவர் கலந்த அன்று செத்த இரண்டை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். எனக்கே இது இவ்வளவு சுலபமாகத் தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது.

உன் அண்ணியிடம் சொன்னேன். "உங்க தங்கச்சிகிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. அவளையும் இழுத்து விட்டுட்டீங்கல்ல" என்றாள். உன்னைக் கேட்காமல் வாயைத் திறக்க மனம் வரவில்லை. திறக்காமல் இருக்கவும் வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி வருகிறது.

திட்டியாவது எழுது.

அண்ணன்

ஜூலை 17

அண்ணா,

திட்டி எழுதினேன். மூன்று பக்கம். கடைசி வரி, "அந்த டப்பாவைத் தூக்கிப் போடு, பேசாமல் இரு." உறையில் போட்டு ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீ உள்ளங்கையைப் பற்றி எழுதிய பிறகு எனக்கு மட்டும் என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது.

பயந்துதான் போயிருந்தேன். பார்க்காத ஒன்றைப் பார்த்தது போல எழுதி முத்திரை குத்தியிருக்கிறேன். இங்கே தெரிந்தால் சந்தி சிரிக்கும். ஓய்வு பெறும் வயதில் எனக்கு மட்டும் எதற்கு இந்த அவமானம் என்று இருந்தது.

திங்கட்கிழமை ஒரு குழந்தைக்குத் தொண்டையில் அறுவை. நர்ஸ் எடையைச் சொன்னார், பதினெட்டு கிலோ. என்னோடு பல வருடமாக இருப்பவர். எனக்குச் சட்டென்று கை ஓடவில்லை. "இன்னொரு தடவை எடை பாருங்க" என்றேன். "நான் பாத்துட்டேன் டாக்டர்" என்றார். "பரவாயில்லை, பாருங்க" என்றேன். குழந்தையை இறக்கி, திரும்ப நிறுத்தினார்கள். பதினெட்டு கிலோதான். அந்த நர்ஸ் அதற்குப் பிறகு கேஸ் முடியும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு நிமிடம் சந்தேகப்பட்டதற்கே அந்த முகம் அப்படி இருந்தது. உன் மருந்தறை அம்மா மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாமனாருக்கு மருந்து கொடுத்துக்கொண்டு, தான் எங்கே தப்புச் செய்தோம் என்று பதினோரு வருடத்தையும் புரட்டிக்கொண்டிருப்பார்.

இன்று குழுத் தலைவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நான் நேரில் எதையும் பார்க்கவில்லை, எடை எப்படிப் பார்க்கப்பட்டது என்று தெரியாமலேயே எழுதினேன், எழுதச் சொன்னவர் என் அண்ணன் என்பதையும் மறைத்தேன், கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே என் தலைமை மருத்துவரிடமும் சொல்லிவிட்டேன். "உங்ககிட்ட இதை எதிர்பாக்கல" என்றார். நானும்தான் எதிர்பார்க்கவில்லை.

டப்பாவைப் பற்றி நான் எழுதவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது அண்ணா. இருந்தாலும் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

தங்கை

ஜூலை 31

குட்டி,

சொல்லிவிட்டேன்.

பேசத் தெரியாது என்று டப்பாவையும் தராசையும் தூக்கிக்கொண்டே குழு அறைக்குப் போனேன். மேஜையில் தராசை வைத்து, காலி டப்பாவை வைத்தேன். பிறகு, முப்பத்திரண்டையே கழித்து எழுதிய என் பதிவேட்டைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது மருந்தறை அம்மாவுக்குத்தான். சுவரோரமாக, விளக்கம் எழுதிய காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காகிதம் நாலு பக்கம். பதினோரு வருடத்தில் கலக்கும் முறையில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதியிருந்தாராம், பிறகு சொன்னார்கள்.

"எத்தனை?" என்று பேராசிரியர் கேட்டார். பதினாறு என்றேன். "எலியைக் கேக்கல. எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்றார். இருபத்துநாலு நாள் என்றேன். அதுதான் அந்த அறையில் மிகவும் கஷ்டமான பதில். எலி செத்ததற்கு அவர் தலை குனிந்துகொண்டார். இந்த இருபத்துநாலுக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் அந்த அம்மா பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். தலைவர் அவரிடம், "நீங்க என்ன எதிர்பாக்கறீங்கம்மா?" என்று கேட்டார். எல்லாரும் என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். நான் மனதுக்குள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அனுப்பறதும் வெக்கறதும் உங்க இஷ்டம். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். இனிமே எடையை ஒருத்தர் பாக்க, இன்னொருத்தர் எழுதணும். நான் எழுதறேன். அவர் பாக்கட்டும். ஒவ்வொரு எலிக்கும் முன்னாடி காலி டப்பாவை வெச்சு, பொத்தானை அமுக்கி, சைபர்னு வாய்விட்டுச் சொல்லணும். என் காதுல விழுந்தாத்தான் பேனாவை எடுப்பேன்."

அதையே விதியாக்கிவிட்டார்கள். ஊசியை இனிமேல் கால்நடை மருத்துவர் போடுவார். எனக்கு எடையும் சூட்டுத் திண்டும் மட்டும். என் ஆவணத்தில் ஒரு கறுப்புப் பக்கம் ஏறியிருக்கிறது. மிச்சமுள்ள பன்னிரண்டு மாதமும் இப்படித்தான் போகும். வேலை போகவில்லை. போயிருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன்

ஆகஸ்ட் 6

அண்ணா,

எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. உன் கறுப்புப் பக்கத்துக்கு ஜோடி. நம் குடும்பத்தில் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் பரிசு வாங்கியது இதுதான் முதல் தடவை.

நேற்று சம்பந்தியம்மா வந்திருந்தார். "உங்க அண்ணன் என்ன செய்றாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். எலிக்கு மயக்க மருந்து கொடுக்கும் இடத்தில் எடை பார்க்கிறார் என்றேன். "ஐயோ பாவம்" என்றார். எலியா நீயா என்று கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது.

ஒன்று கேட்கட்டுமா? ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்ல உனக்கு எப்படி இருக்கிறது? கழித்தல் தெரியாதவனா என்று எனக்கு எழுதியவன் நீ. உன்னை எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்.

லீவு கிடைத்தால் ஒரு வாரம் வரலாம் என்று இருக்கிறேன். அண்ணியிடம் சொல்லிவை.

தங்கை

செப்டம்பர் 5

குட்டி,

வா. அண்ணி இப்போதே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டாய். முதல் நாள் எட்டு எலி. காலி டப்பாவை வைத்தேன், பொத்தானை அமுக்கினேன், "சைபர்" என்றேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. மருந்தறை அம்மா பேனாவை எடுக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஊசியோடு நின்ற கால்நடை மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்ப, கொஞ்சம் உரக்க, "சைபர்" என்றேன். பேனாவை எடுத்தார். எட்டு தடவையும் காது மடல் சுட்டது. வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, எழுதாமல் போனேன்.

இரண்டாவது வாரம் காது சுடவில்லை, களைப்பாக மட்டும் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் பொத்தானை அமுக்கியும் தராசு ஒரு கிராம் காட்டியது. தராசுத் தட்டின் அடியில் மரத்தூள் சிக்கியிருந்தது. பழைய ஆளாக இருந்தால் எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். "சைபர் இல்லை, ஒண்ணு காட்டுது" என்றேன். அவர் காத்திருந்தார். துடைத்தேன், வைத்தேன், சொன்னேன், எழுதினார். எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது. நான் எண்ணைச் சொல்வேன், அவர் எழுதுவார். வணக்கம்கூட இல்லை. அது அவர் உரிமை என்று இருந்துகொண்டேன்.

நேற்று அந்த மெலிந்த இனத்தில் பதினேழு எலி. ஒரே நாளில் இவ்வளவு இதுவரை செய்ததில்லை. பதினேழு தடவை சொன்னேன். மதியம் எல்லாம் முடிந்து மருத்துவரும் பேராசிரியரும் போன பிறகு, திண்டின் மேல் வரிசையாகப் படுத்திருந்தவற்றின் விலாவை எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அங்கே இனி வேலை இல்லை, போயிருக்கலாம். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பத்து எழுந்தன. பதினான்கு எழுந்தன. கடைசி ஒன்று மட்டும் ரொம்ப நேரம் அப்படியே கிடந்தது. பதினேழு கிராம், எல்லாவற்றிலும் சின்னது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மீசை அசைந்தது. முன்கால் இரண்டையும் ஊன்றி, தள்ளாடி, எழுந்து உட்கார்ந்தது.

மருந்தறை அம்மா பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கும் இதே இனம்தான். எட்டரைக்கே வந்துடுங்க" என்றார்.

எட்டேகாலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன், குட்டி.

அண்ணன்